தாத்தா நிலத்தில் சிறிய வீடு: செங்கல்லுக்கு முன் பட்டாவைப் பாருங்கள்

பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டின் விலையைக் கேட்டாலே தலை சுத்துதா? கம்பத்தில் குடும்ப நிலம் சும்மாதானே கிடக்கிறது, அதில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினால் என்ன என்று நீங்களும் யோசித்திருக்கலாம். தாராளமாகக் கட்டலாம். ஆனால், பலருக்குக் கை கடிப்பது சிமெண்டு விலையால் அல்ல.

முதலில் பட்டாவை எடுங்கள். 'கெரான்' என்று வீட்டில் சொல்வோமே, அதுதான். காலமான தாத்தாவின் பெயரிலேயே அது இன்னும் இருக்கிறதா? அப்படியென்றால், பெயர் மாறும்வரை அந்த நிலத்தை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்க முடியாது. சிறு சொத்துகளின் பகிர்வை நில அலுவலகமே விசாரிக்கிறது, வாரிசுகளையும் அழைக்கும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவதுதான் இதில் ஆகக் கடினமான வேலை. அதை முடிக்காமல் கட்டிய வீடு, நாளை யாருடையது என்ற சண்டையில் போய் நிற்கும்.

நிலத்தின் வகையும் பட்டாவில் இருக்கும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் விவசாயம், கட்டடம், தொழில்துறை என 3 வகைகள் உண்டு. விவசாய நிலத்தில் வீடே கூடாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. உரிமையாளர் குடியிருக்க வீடு கட்ட அந்தச் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் பட்டாவில் தனி நிபந்தனை இருக்கலாம், நில அலுவலகத்தில் கேட்காமல் கடைக்கால் தோண்டாதீங்க.

அடுத்தது வரைபடம். காசு மிச்சமாவது இங்கேதான். நேரான செவ்வகம், ஒரே மாடி, சாதாரணக் கூரை: இவை மலிவு. சுவர் மடங்கும் ஒவ்வொரு மூலைக்கும் கூலி, கூரை மடிப்புக்கும் கூலி, பிறகு அதே இடத்தில்தான் மழை ஒழுகும்! சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கமும் இருந்தால் குழாய் வேலை குறையும். பழைய வயல் என்றால் மண் இளகலாக இருக்கும். கடைக்காலே பாதி பட்ஜெட்டை விழுங்கலாம். மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் எவ்வளவு தூரம், கழிவுத்தொட்டி எங்கே வரும் என்பதையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

சொந்த நிலம் உண்டு, வருமானம் குறைவு என்றால், எஸ்பிஎன்பி நிறுவனத்தின் 'ருமா மெஸ்ரா ராக்யாட்' திட்டத்தை விசாரித்துப் பாருங்கள். அரசாங்க உதவித்தொகையோடு வீடு கட்டித் தருகிறார்கள். வரைபடம் மட்டும் அவர்களுடையது.

இனி பணம். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால், சட்டம் வகுத்த ஒப்பந்தமும் 24 மாதக் குறைபாட்டுக் காலமும் தானாகவே கிடைக்கும். சொந்தமாகக் கட்டும்போது குத்தகையாளரோடு நீங்கள் எழுதும் தாள்தான் எல்லாம். 'தெரிஞ்சவரு, எழுத்து எதுக்கு' என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. அவர் சிஐடிபியில் பதிந்தவரா என்று பாருங்கள். கடைக்கால், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே அதற்கான பணத்தைக் கொடுங்கள். ஒரு பகுதியை, சிசிசி சான்றிதழ் கைக்கு வரும்வரை பிடித்து வையுங்கள். 2007இலிருந்து அதை வழங்குவது ஊராட்சி மன்றம் அல்ல. உங்கள் வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர். அது இல்லாமல் குடிபுகக் கூடாது.