கையெழுத்துப் போடுமுன் கணினியைத் திறந்து பாருங்கள்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர், படிவம் நான்கில் படிக்கும் தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் கையில் துணிப் பையில் சுற்றிய மடிக்கணினி. அம்மா கையில் பட்டணத்துக் கடையொன்றில் எழுதிக் கொடுத்த சீட்டு.

"சார், இது செத்துப் போச்சாம். விண்டோஸ் முடிஞ்சிருச்சு, இனிமே வச்சிருக்கிறது ஆபத்துன்னு கடையில சொல்றாங்க. புதுசு தவணையில தர்றாங்களாம். இதை அம்பது வெள்ளிக்கு எடுத்துக்குவாங்களாம். கையெழுத்துப் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

சீட்டைப் பார்த்தேன். மாதம் 115 வெள்ளி, 36 மாதம். பையனையே பெருக்கச் சொன்னேன். 4,140 வெள்ளி வந்தது. 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வீட்டில் அடுப்பே எரியாமல் இரண்டரை மாதம் உழைத்தால்தான் அந்தக் கணக்குத் தீரும். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கும் மனம் உறுத்தியது. 2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த காலத்தில், அந்தப் பழைய கணினியை வாங்கச் சொன்னவனே நான்தான். "இது போதும்மா" என்று நான் சொன்னதை நம்பி வாங்கினார்கள். எனக்குக் கணினிப் பித்து உண்டு. பழுதான கணினி கிடைத்தால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். ஆகவே, "திங்கட்கிழமை வரை கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்லி, கணினியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

செத்தது எது?

கடையில் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. கணினியை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் 10, 2015இல் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை மேலும் ஓராண்டு திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. 2016இல் செய்யப்பட்ட அந்தக் கணினியையும் ஏற்கவில்லை.

ஆனால் அன்பர்களே, மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி முடிந்துவிட்டால், எஞ்சினே கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வோமா? முடிந்தது மென்பொருளின் தவணை. இயந்திரம் உயிரோடுதான் இருந்தது. திருத்தம் வராத விண்டோஸை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்பது உண்மையே. அதற்கு வழி, மென்பொருளை மாற்றுவது. முழுக் கணினியையும் மாற்றுவதல்ல.

அஞ்சறைப் பெட்டியும் அரிசி மூட்டையும்

"ஆனா சார், ரொம்ப மெதுவா இருக்கு" என்றான் பையன். அதுவும் உண்மைதான். திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது.

நம் வீட்டுச் சமையலறையை எண்ணிப் பாருங்கள். அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கை நீட்டினால் கடுகு கிடைக்கும். அரிசி மூட்டையோ பின்கட்டில் கிடக்கிறது. கணினியின் நினைவகம், அதாவது ரேம், அந்த அஞ்சறைப் பெட்டி. வன்தட்டு பின்கட்டு. பெட்டி சிறியதாக இருந்தால், கடுகுக்கும் மிளகுக்கும் பின்கட்டுக்கே ஓட வேண்டும். சமையல் எப்போது முடியும்?

அந்தக் கணினியில் இருந்த நினைவகம் 4 கிகாபைட். இன்றைய இணையப் பக்கங்கள் நான்கைந்து திறந்தாலே அது நிறைந்துவிடும். வன்தட்டோ பழைய சுழலும் வகை. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, ஒரு சிறு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. சிதறிக் கிடக்கும் சிறு சிறு தகவல்களைத் தேடி எடுப்பதில் அது ஏறக்குறைய நூறு மடங்கு வேகமானது.

என் அலமாரியில் கிடந்த பழுதான கணினியிலிருந்து 4 கிகாபைட் நினைவகத்தை எடுத்து இதில் செருகினேன். பட்டணத்தில் நூறு வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கினேன். விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் மென்பொருளைப் போட்டேன். கட்டுரை எழுத, கணக்குப் பார்க்க, படம் காண அதில் எல்லாமே உண்டு. மூன்று நிமிடம் திணறித் திணறித் திறந்த கணினி, அரை நிமிடத்துக்குள் திறந்தது.

விளையாட்டு வேண்டாமா?

பையன் முகம் முழுதாக மலரவில்லை. கடையில் அவன் பார்த்தது, விசைப்பலகையில் வண்ண விளக்குகள் மின்னும் விளையாட்டுக் கணினி. "நண்பனெல்லாம் விளையாடுறான் சார்" என்றான். அதற்காக நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நானும் விளையாடுகிறவன்தான்.

கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைப் பலரும் அறிவோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் என்பவர் அதை உருவாக்கினார். அவரிடம் இருந்த கணினியில் படம் காட்டும் வசதியே இல்லை. எழுத்துக் குறிகளைக் கொண்டே கட்டைகளைக் காட்டினார். உலகமே அதை விளையாடியது. நல்ல விளையாட்டுக்கு மூளைதான் முதல். விலை உயர்ந்த வரைகலை அட்டை அதற்கு அடுத்ததுதான்.

ஆயினும் உண்மையை மறைக்கக் கூடாது. புதிய பெரிய விளையாட்டுகள் இந்தக் கணினியில் ஓடமாட்டா. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் சில விளையாட்டுகளின் காவல் மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. இதையும் பையனிடம் சொன்னேன். வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் அவன் விளையாட்டுக் கணினி வாங்கட்டும். நானே கூட வந்து தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.

தோட்டத்து நிலமும் நினைவக விலையும்

கணினி நமக்கு அந்நியப் பொருள் என்று எண்ண வேண்டாம். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில்தான். இன்று ஜொகூரில், கூலாய் வட்டாரத்தில், செம்பனை நின்ற நிலங்களில் மாபெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் இத்தகைய மையங்கள் நினைவகத்தை மூட்டை மூட்டையாக வாங்குகின்றன. 2025இன் பிற்பகுதியில் நினைவக விலை விறுவிறுவென ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், நம்மைப் போன்றோர் கடையில் வாங்கும் குருஷியல் நினைவக வணிகத்தையே கைவிடப்போவதாக அறிவித்தது. ஆகவே பழைய கணினியில் உள்ள நினைவகத்தைக் குப்பையில் எறியாதீர்கள். இன்னொரு பிள்ளைக்கு அது உதவும்.

பெற்றோர்களுக்கு நான்கு வார்த்தை

ஒன்று: எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாடத்துக்கு என்றால் 8 கிகாபைட் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் போதும்.

இரண்டு: மாதத் தவணையைப் பார்க்காதீர்கள். மாதங்களால் பெருக்கி வரும் மொத்தத்தைப் பாருங்கள்.

மூன்று: மின்கலம் உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். தாய்ப்பலகை போய்விட்டாலும் செலவு செய்வது வீண். அப்போது புதியது வாங்குவதே முறை.

நான்கு: யாரிடம் கணினியைக் கொடுத்தாலும், உள்ளே இருப்பதை முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்காவது விஷயத்தை நான் அன்றுதான் கற்றேன். பழைய வன்தட்டைப் படியெடுத்தபோது அதில் நிறைய படங்கள் இருந்தன. அக்குடும்பம் முன்பிருந்த தோட்டத்தின் கடைசித் தீமிதித் திருவிழா அது. லயன்கள் இடிக்கப்பட்ட பின் அந்தக் கோயிலும் இல்லை. திங்கட்கிழமை கணினியை வாங்க வந்த அம்மா, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதையும் சேர்த்துத்தானா சார் அம்பது வெள்ளிக்குக் கேட்டாங்க?" என்றார்.

சீட்டை மடித்து என் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். பையன் மட்டும் சற்று நேரம் நின்று, "அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் இரவல் தர்றீங்களா சார்? பக்கத்து வீட்டுலயும் ஒண்ணு செத்துக் கிடக்கு" என்று கேட்டான்.