மின்சாரக் காரின் சில்லும் காற்றுப் போன வேளையும்

மாட்டு வண்டிச் சில்லுக்கு முள்ளைப் பற்றிய அச்சம் இருந்ததில்லை. தச்சன் மரத்தாற் செய்த சில்லின் மேல், கொல்லன் இரும்புப் பட்டையைச் சூடேற்றி மாட்டி, நீரூற்றிக் குளிரவிடுவான். குளிரும் இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்பால் சம்மாந்துறை வயல்களிலிருந்து நெல்லேற்றி வரும் வண்டி, கல்லையும் முள்ளையும் ஒன்றாகவே மிதித்துக் கல்முனை வந்து சேரும். வழியில் நேரும் அதிர்ச்சி முழுவதும் வண்டியில் இருப்பவனின் முதுகெலும்பைச் சேர்ந்தது.

அவ்வதிர்ச்சியைத் தாங்குவதற்குக் காற்றை அடைத்துவைக்கலாம் என்று முதலிற் கண்டு, 1845 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபேட் தொம்சன் என்பவர். அவருடைய கண்டுபிடிப்பை உலகம் மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மைந்தனின் முச்சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த டயரொன்றைச் செய்து, 1888 இல் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். பயணம் மென்மையாயிற்று, அதனோடு முள்ளைப் பற்றிய அச்சமும் மனிதனுக்கு வந்து சேர்ந்தது. இன்று மின்சாரத்தால் ஓடும் புத்தம்புதிய காரும் அதே காற்றின் மேல்தான் ஓடுகின்றது. இயந்திரம் மாறிவிட்டது, ஆணி மாறவில்லை.

இலங்கைக்கு மின்சாரக் கார்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கியது 2015 ஆம் ஆண்டை அண்டிய காலத்திலாகும். அவற்றுட் பெரும்பாலானவை ஜப்பானிற் பாவித்த நிசான் லீஃப் கார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோது, சீனத் தயாரிப்பான பீ.வை.டீ. முதலிய புதிய வகைகளும் வந்து சேர்ந்தன. கரையோரப் பட்டினங்களிலும் சத்தமின்றிச் செல்லும் இக்கார்களைக் காணலாம். இவற்றை வாங்குவோர் மின்கலத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கின்றனர். பின்பெட்டியைத் திறந்து, மாற்றுச் சில்லு இருக்கின்றதா என்று பார்ப்பவர் சிலரே. பார்த்தால், பல கார்களில் அஃது இராது.

மாற்றுச் சில்லு ஏன் இல்லை? மின்கலத் தொகுதியே பெருஞ் சுமையாகும். முதற் பரம்பரை லீஃப் காரில் அதன் நிறை மட்டும் ஏறத்தாழ 300 கிலோகிராம். சுமை கூடக்கூட ஒரே மின்னேற்றத்தில் ஓடும் தூரம் குறையும், இடமும் சுருங்கும். ஆகவே தயாரிப்பாளர் மாற்றுச் சில்லை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக அடைப்புத் திரவம் நிரம்பிய போத்தல் ஒன்றையும், காற்றடிக்கும் சிறு இயந்திரம் ஒன்றையும் வைத்தனர். உதவி வண்டி விரைந்து வரும் நாட்டில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கலாம். திருக்கோவிலைத் தாண்டிக் கோமாரி வழியே பொத்துவிலுக்குச் செல்லும் வீதியிலோ, வீடுகள் அருகிய நெடுவெளி குறுக்கிடுகின்றது. பொத்துவிலிலிருந்து கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு நள்ளிரவில் நோயாளி ஒருவரைக் கொண்டுவரும் குடும்பத்துக்கு, அவ்வெளியில் ஒரு சில்லின் காற்றுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது போத்தலின் திரவம் காய்ந்திருப்பதும் காயாதிருப்பதும் அற்பமான விடயமாக இராது.

போத்தலின் ஆற்றலுக்கு எல்லையுண்டு. நிலத்தைத் தொடும் பகுதியில், ஆணி துளைத்த சிறு துவாரத்தையே திரவம் அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தாலும், குழியில் விழுந்து சில்லின் விளிம்பு வளைந்தாலும் அதனாற் பயனில்லை. திரவம் சில ஆண்டுகளிற் பழுதடையும். காலாவதித் திகதி போத்தலிற் குறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து காரோடு வந்த போத்தல் பலவற்றின் திகதி என்றோ கடந்துவிட்டது. திரவம் அடைத்துக் காற்றேற்றிய பின்னரும், போத்தலிற் குறித்த வேகத்தை மீறாமல் அண்மையிலுள்ள டயர் கடைக்குச் செல்வதே முறையாகும். அதனை நிரந்தரத் திருத்தம் என்று எண்ணுதல் தவறு. கடைக்காரரிடம், உள்ளே திரவம் இட்டிருப்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். கழுவி எடுக்காவிட்டால் ஒட்டு நில்லாது. அமுக்கத்தை அறிவிக்கும் உணர்கருவி சில்லினுள் இருந்தால் அதுவும் கெடக்கூடும்.

இக்குறைக்குச் சிறந்த பரிகாரம், பொருந்தும் மாற்றுச் சில்லொன்றைத் தேடிப் பின்பெட்டியில் வைத்துக்கொள்வதே. பொருத்தம் என்பது கண்ணளவிற் காண்பதன்று. லீஃப் காரின் சில்லை 5 ஆணிகள் பற்றியுள்ளன. அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். நடுத்துளையும் தடுப்புக் கருவிக்கு வேண்டிய இடைவெளியும் பொருந்த வேண்டும். டயரின் வெளிவிட்டம் மற்றச் சில்லுகளோடு ஏறத்தாழ ஒத்திருத்தலும் அவசியம். வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டால், நடுவழியில் ஏமாற்றம் இராது. சில்லோடு ஜாக்கியும் நட்டுக் கழற்றும் சாவியும் வாங்க வேண்டும். மாற்றுச் சில்லு இல்லாக் கார்களில் இவையும் இல்லாதிருப்பது வழக்கம்.

ஓட்டத்தின் நடுவே டயர் வெடித்தால் எவ்வாறு நடந்துகொள்வது? பெற்றோல் காரை ஓட்டிப் பழகியவர் உடனே காலை முழுவதும் எடுத்துவிடுவார். மின்சாரக் காரில், காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறிச் சில்லுகளைப் பிடித்திழுக்கும். லீஃப் போன்ற கார்களில் அந்த இழுப்பு முன்சில்லுகளில் விழுவதால், காற்றுப் போன சில்லும் அவற்றுள் ஒன்றாயிருந்தால் கார் ஒரு பக்கமாய்ச் சாயக்கூடும். ஆகவே சுக்கானை இறுகப் பிடித்து, காலை மெல்ல மெல்லத் தளர்த்தி, கடுமையாகத் தடுப்பு மிதிக்காமல், உறுதியான சமதரையில் ஒதுக்குதல் வேண்டும். எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, பயணிகளை இறக்கி வீதியை விட்டு அகற்றி நிறுத்தல் வேண்டும். சில்லைக் கழற்றுமுன் கார் உண்மையாகவே அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது முக்கியம். இயந்திர ஒலி இல்லாமையால், ஓடத் தயாராய் நிற்கும் காரும் உறங்கும் கார் போலவே தோன்றும்.

காற்றில்லாச் சில்லோடு மெதுவாக ஓட்டிக் கடையை அடைந்துவிடலாம் என்ற எண்ணம் பெருநட்டத்தைத் தரும். லீஃப் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறையுடையது. புதிய வகைகளுட் சில அதனினும் கனமானவை. அச்சுமை சில நூறு மீற்றருக்குள் டயரின் பக்கச் சுவரை அரைத்துவிடும். அப்பால் விளிம்பு வீதியில் மோதும். சிறு செலவில் ஒட்டக்கூடிய துவாரம், டயரையும் சில்லையும் ஒருங்கே விழுங்கிவிடும்.

ஜாக்கி வைக்குமிடம் பற்றி டயர் கடைக்காரர் சிறப்பாக அறிதல் வேண்டும். பழைய கார்களின் அடியில், நடுவே எங்கேனும் ஜாக்கியை வைத்து உயர்த்திப் பழகிய கைக்கு இஃது ஒரு புதிய பாடமாகும். மின்சாரக் காரின் அடிப்பகுதியிற் பெரும்பங்கு மின்கலத் தொகுதியின் உறையே. அதன்மேல் ஜாக்கியின் தலை அழுந்தினால் உறை நசுங்கும். உள்ளிருக்கும் கலங்கள் கெட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. காரின் உறுப்புகளுள் விலை மிகுந்ததும் அதுவே. முன்சில்லின் பின்னும் பின்சில்லின் முன்னும், இரு ஓரங்களிலும் குறிக்கப்பட்ட 4 இடங்களில் மட்டுமே ஜாக்கி வைக்கலாம். இடையே இறப்பர்க் கட்டை வைப்பது நன்று. சில்லைத் தொட்டால் மின்சாரம் தாக்கும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு; அது தேவையற்றது. செம்மஞ்சள் நிற உறையிட்ட வடங்களே உயர் அழுத்த மின்சாரம் செல்லும் வழிகள். அவற்றிற் கை வையாதிருந்தால், சில்லு மாற்றும் வேலை மற்றக் கார்களில் உள்ளது போன்றதே.

நட்டுக்களைக் குறுக்கு வரிசையில் இறுக்குதல் வேண்டும். லீஃப் காருக்கு ஏறத்தாழ 110 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். ஒரு மீற்றர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 11 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டாற் கிடைக்கும் விசை அது. காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்கினால் ஆணி நீண்டு பலமிழக்கும்; நடுவழியில் வீட்டுக்காரரின் கைக்கு அசையவும் மாட்டாது.

ஒட்டுப் போடுவதிலும் முறையுண்டு. வெளியிலிருந்து திரியைச் செருகி அடைப்பது அவசரத்துக்கு உதவும். டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சுரண்டித் துப்புரவு செய்து, துவாரத்தை நிரப்பும் தண்டோடு கூடிய காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து பொருத்துவதே நிலைத்த திருத்தம். பக்கச் சுவரில் ஏற்பட்ட காயத்துக்கு ஒட்டுப் போடுதல் கூடாது. டியூப் இல்லாத டயருள் டியூபைப் புகுத்தி ஓட்டுவதும் தகாது. இரண்டும் உராய்ந்து சூடேறும். ஓசையைக் குறைப்பதற்காகச் சில டயர்களின் உட்புறத்தில் பஞ்சு போன்ற நுரைப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டுப் போடும் இடத்தில் மட்டும் அதனை வெட்டி அகற்ற வேண்டும்.

புது டயர் வாங்குவோர், அளவோடு சுமைக் குறியீட்டையும் பார்த்தல் வேண்டும். 91 என்ற குறி, ஒரு டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்பதாகும். 94 என்பது 670 கிலோகிராம். காரின் கதவுச் சட்டத்திற் குறித்துள்ள எண்ணுக்குக் குறைந்ததை, அளவு ஒத்திருந்தாலும் மாட்டுதல் கூடாது. பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கும்போது, அதன் சுவரிலுள்ள 4 இலக்க எண்ணை வாசிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிப்பன. 2316 என்றிருந்தால், 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் பிறந்த டயர் அது. தோற்றம் புதிதாயினும் இறப்பர் முதுமையடைந்திருக்கும்.

கரையோரத்துக்கே உரிய பகை இரண்டு உண்டு. ஒன்று உப்பு. மருதமுனை முதல் நிந்தவூர் வரை, பிரதான வீதி கடலிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே கிடக்கின்றது. உப்புக் காற்றினால், கலப்புலோகச் சில்லில் டயர் பொருந்தும் விளிம்பு வெண்பொடியாய்ப் பூத்து அரிக்கும். ஆணி எதுவுமின்றியே காற்று நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும். இக்கசிவை முதலில் உணர்த்துவது பல வேளைகளில் மின்னேற்றமே. காற்றுக் குறைந்த டயர் வீதியிற் கூடுதலாக உராய்வதால், வழக்கமாக மட்டக்களப்புக்குச் சென்று மீளப் போதுமான மின்னேற்றம் இடைவழியிலேயே இளைத்துவிடும். மின்கலம் கெட்டுவிட்டதென்று கவலை கொள்ளுமுன், அமுக்கமானியால் நான்கு சில்லுகளையும் அளந்து பார்ப்பது தகும். 16 அங்குலச் சில்லுள்ள லீஃப் காருக்குக் குறித்த அளவு, சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல். காலையில், ஓடுமுன் அளத்தல் வேண்டும்.

மற்றொரு பகை மாரிகால வெள்ளம். வீதியை நீர் மூடியபின் குழியும் தெரியாது, ஓரமும் தெரியாது. பக்கச் சுவர் குறுகிய டயர், குழியின் விளிம்பில் மோதினால் சில்லு வளையும் அல்லது வெடிக்கும். வெடித்த கலப்புலோகச் சில்லை ஒட்டவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். 2024 நவம்பரில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில், மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு உயிர்கள் பலியான துயரத்தை இப்பிரதேசம் மறந்துவிடவில்லை. உழவு இயந்திரமே நிலைகொள்ளாத நீரில், காரை இறக்கிப் பரீட்சை செய்தல் அறிவுடைமையன்று.

எம்முயற்சியும் பலியாதபோது காரை எடுத்துச் செல்லும் முறை எஞ்சுகின்றது. கயிறு கட்டி இழுப்பது பழைய வழக்கம். மின்சாரக் காரில் சில்லு சுழன்றால் மோட்டாரும் சுழலும். மோட்டார் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். அதனால் மின்னுறுப்புகள் சூடேறிக் கெடலாம். எனவே நான்கு சில்லும் நிலத்தைத் தொடாதவாறு, காரைத் தட்டில் ஏற்றிச் செல்லும் லொறியை அழைப்பதே பாதுகாப்பு. முன்சில்லால் இயங்கும் காராயின், முன்பக்கத்தையேனும் தூக்கி இழுத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும் பொறியியற் புலமையை வேண்டுவதன்று. பொருந்தும் மாற்றுச் சில்லு, திகதி கடவாத போத்தல், ஓர் அமுக்கமானி, ஜாக்கி வைக்குமிடம் அறிந்த ஒரு டயர் கடை, லொறிக்காரரின் தொலைபேசி எண் ஆகிய இவ்வைந்தும் பகலிலே, பட்டினத்திலே, ஓய்வான வேளையிலே தேடிக்கொள்ளக்கூடியன. இரவில், கோமாரி வெளியில், அவற்றுள் ஒன்றையும் தேட முடியாது.