எஃகு உத்தரங்கள் கை கோக்கும் இடம்

ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் அடியில் நின்று என்றாவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? 'ஐ' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் தடித்த உத்தரங்கள் இருக்கும். 'எல்' வடிவில் கோண இரும்புகளும் 'சி' வடிவில் சேனல்களும் இருக்கும். நாம் பார்ப்பதெல்லாம் இந்தப் பெரிய துண்டுகளைத்தான். ஆனால் பொறியியல் வல்லுநரின் கண் முதலில் போவது வேறோர் இடத்துக்கு. இரண்டு துண்டுகள் சந்திக்கும் மூலைக்குத்தான்! அங்கே நாலு போல்ட்டும் ஒரு தகடும் இருக்கும். கட்டடத்தின் உயிர் பல நேரங்களில் அங்கேதான் இருக்கிறது.

அப்படியா என்று வியக்கிறீர்களா? 1981ஆம் ஆண்டு நடந்த ஒரு துயர நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

ஒரு நட்டு செய்த கொடுமை

அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டி என்ற நகரம். அங்கே ஹயாத் ரீஜென்சி என்ற பெரிய ஹோட்டல். அதன் நடுக்கூடம் பல மாடி உயரமுள்ளது. அந்தக் கூடத்தின் குறுக்கே, அந்தரத்தில் தொங்கும் நடைபாதைகளை அமைத்திருந்தார்கள். நான்காம் மாடி நடைபாதைக்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாதை. இரண்டையும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகள் தாங்கின.

1981 ஜூலை 17ஆம் நாள் மாலை. கூடத்தில் நடன விழா. நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். திடீரென்று நான்காம் மாடி நடைபாதை பிய்த்துக்கொண்டு இரண்டாம் மாடி நடைபாதையின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கம்பி அறுந்ததா? இல்லை. கூரை இடிந்ததா? அதுவும் இல்லை. கம்பி உத்தரத்தோடு சேரும் இடம்தான் கைவிட்டது. அங்கிருந்த நட்டும் வளையமும் உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன.

முதலில் போட்ட வரைபடத்தில், கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி, நான்காம் மாடி உத்தரத்தை ஊடுருவி, இரண்டாம் மாடி வரை செல்லும். அப்படிச் செய்தால் நான்காம் மாடி நட்டைத் திருகி மேலேற்றக் கம்பியின் பெரும்பகுதியில் மரை வெட்ட வேண்டும். அது சிரமம் என்று கருதி, ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகள் என்று மாற்றினார்கள். ஒன்று கூரையிலிருந்து நான்காம் மாடி உத்தரம் வரை. மற்றொன்று அதே உத்தரத்தில் தொடங்கி இரண்டாம் மாடி வரை.

பார்வைக்கு இது சின்ன மாற்றம். மொத்த எடையும் மாறவில்லை. பின் எங்கே வந்தது கேடு?

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: வழுவழுப்பான நைலான் கயிறு, துணி உலர்த்தும் கிளிப்புகள் இரண்டு, சிறு பைகள் இரண்டு, கோலிக்குண்டுகள்.

கயிற்றை ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். மேலே ஒரு கிளிப், கீழே ஒரு கிளிப் என்று அதே கயிற்றைக் கவ்வச் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு பையைக் கட்டுங்கள். இரண்டு பைகளிலும் சம எண்ணிக்கையில் குண்டுகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். கிளிப் வழுக்கத் தொடங்கினால் இரண்டிலிருந்தும் சில குண்டுகளை எடுத்துவிட்டு, கிளிப்பை மீண்டும் மேலே பொருத்துங்கள். பைக்கு 20 குண்டுகள் வரை தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு கிளிப்பும் பிடித்திருப்பது 20 குண்டுகளின் எடை. ஆணி தாங்குவது 40.

இனி கயிற்றை மேல் கிளிப்புக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுங்கள். வெட்டிய கீழ்த்துண்டை மேல் கிளிப்பின் உடம்பிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். பைகளும் குண்டுகளும் முன்போலவே இருக்கட்டும். கையை எடுங்கள். மேல் கிளிப் சர்ரென்று வழுக்கி இறங்கும்!

காரணம் புரிகிறதா? ஆணி இப்போதும் 40 குண்டுகளைத்தான் தாங்குகிறது. கீழ்க் கிளிப்பும் அதே 20தான். ஆனால் மேல் கிளிப் தன் பையோடு கீழ்ப் பையையும் சேர்த்து 40 குண்டுகளைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதன் சுமை இருமடங்கு.

ஹோட்டலில் நடந்ததும் இதுவேதான். நான்காம் மாடி நட்டின் மேல் இரண்டு நடைபாதைகளின் சுமையும் ஏறிவிட்டது. போதாததற்கு, உத்தரம் இரண்டு சேனல்களை முகத்தோடு முகம் வைத்து வெல்டிங் செய்த பெட்டி. கம்பிக்கான துளை சரியாக அந்த வெல்டிங் கோட்டிலேயே போடப்பட்டிருந்தது. முதல் வரைபடமே நகர விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் தரக்கூடியது என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. மாற்றத்துக்குப்பின் அதுவும் பாதியாயிற்று. மாற்றிய இணைப்பை யாரும் முறையாகக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பிலிருந்த பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் தொழில் உரிமத்தை இழந்தார்கள்.

முற்றத்தில் ஓர் எஃகு ஆசிரியர்

இணைப்பை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? இது ஆசிரியர்களுக்கு நெடுநாளைய தலைவலி. தாளில் வரைந்த படத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. போல்ட்டின் பின்னால் என்ன இருக்கிறது, ஸ்பானர் உள்ளே நுழைய இடம் உண்டா என்பதெல்லாம் படத்தில் எளிதில் தெரியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டூவேன் எலிஃப்ரிட் என்ற பேராசிரியர் இதற்கு ஒரு வழி கண்டார். 1986இல் கல்லூரி முற்றத்தில் ஓர் எஃகுச் சிற்பத்தை நிறுத்தினார். சிற்பம் என்றதும் மனித உருவம் என்று எண்ணாதீர்கள். ஒரு தூண், அதிலிருந்து நாலாபுறமும் முளைத்த உத்தரத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போல்ட்டால், ஒன்று வெல்டிங்கால், இன்னொன்று இரண்டாலும்.

மாணவர்கள் அதைச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்து, குனிந்து பார்த்துக் கற்கலாம். உதாரணமாக, உத்தரத்தின் நடுத்தகட்டை மட்டும் தூணோடு பிணைத்தால் அது கதவுக் கீல் போன்றது; சுமையை இறக்கும், ஆனால் சற்றே திரும்ப விடும். மேல் கீழ்ப் பட்டைகளையும் சேர்த்துப் பிணைத்தால் அது நம் தோளும் கையும் விறைத்து நிற்பது போன்றது, திரும்ப விடாது. இந்த வேறுபாட்டைப் பத்துப் பக்கம் எழுதியும் விளக்கலாம். சிற்பத்தின் முன் நின்றால் பத்து நிமிடம் போதும்! அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகம் இந்தக் கருத்தைப் பரப்பியது. இன்று இத்தகைய சிற்பங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி வளாகங்களில் நிற்கின்றன.

பாலம் கட்டும் பந்தயம்

அதே கழகத்தின் ஆதரவில் மாணவர்களுக்கு ஒரு போட்டியும் நடக்கிறது. 1992இல் முதல் தேசியப் போட்டி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. மாணவர்களே சுமார் 6 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலத்தை வடிவமைக்க வேண்டும். துண்டுகளைச் செய்ய வேண்டும். போட்டி நாளில் கடிகாரம் ஓட ஓடப் பூட்ட வேண்டும். தரையில் கோடு போட்டு, 'இது ஆறு' என்பார்கள். அதில் கால் வைத்தால் தண்டனை உண்டு. பூட்டி முடித்ததும் பாலத்தின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான சுமை ஏற்றுவார்கள். எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள்.

எடை குறைவாக இருக்க வேண்டும், தொய்யவும் கூடாது. விரைவாகப் பூட்ட வேண்டும். போல்ட் விட்டுப்போகவும் கூடாது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும். பொறியியல் என்பதே இந்த இழுபறிதானே!

நம் நாட்டில்

நமக்கும் வழிகள் உண்டு. எஃகுக் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800. அது 2007இல் புதிய முறையில் திருத்தப்பட்டது. அந்த முறையை ஆசிரியர்கள் கற்பிக்க விரிவான பாடத் தொகுப்புகளும் உருவாயின. கொல்கத்தாவிலுள்ள 'இன்ஸ்டாக்' என்ற எஃகு வளர்ச்சி நிறுவனம் அவற்றை வெளியிட்டது. எழுதியதில் பெரும்பங்கு சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், சென்னைக் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் அறிஞர்களுடையது.

ஆனால் கல்லூரிக்குப் போகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். பேருந்து நிலையக் கூரை இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பட்டறையில் மட்டும் தள்ளி நில்லுங்கள். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். ஒரே ஓர் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, முன்பக்கம், பக்கவாட்டு, மேற்பக்கம் என்று மூன்று படங்கள் வரையுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: இந்தச் சுமை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது? இந்த போல்ட் யாருடைய எடையைத் தாங்குகிறது? தன் பங்கை மட்டுமா, அடுத்தவன் பங்கையும் சேர்த்தா?

கேன்சஸ் சிட்டியில் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். நாளை உங்களில் ஒருவர் வரைபடத்தில் கையெழுத்திடும்போது, மறக்காமல் அதைக் கேளுங்கள்.