ஆறக்கூடாத காயம்

போன வருஷம் அப்பாவுக்குக் கிளாக்கோமா ஆபரேஷன். முந்தின நாள் கையெழுத்துக்கு வந்த காகிதத்தில் 'மைட்டோமைசின்' என்று ஒரு மருந்தின் பெயர் இருந்தது. தங்கை உடனே போனில் தேடி, சத்தமாகவே வாசித்துவிட்டாள்: புற்றுநோய் மருந்து. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்குக் கேன்சரா? என்கிட்ட மறைக்கிறியாடா?" என்றார். அன்று ராத்திரி ஆரம்பித்த வாசிப்பின் குறிப்புகள் இவை. நான் டாக்டர் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் எப்போதும் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கும். (கண்ணீர் வேறு, இது வேறு.) வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த நரம்பு திரும்பாது. சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது ஆபரேஷன். 1968ல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெக்குலெக்டமிதான் இன்றும் அடிப்படை: வெள்ளைவிழியின் சுவரில் ஒரு சின்ன மூடியை வெட்டி, அதற்கடியில் ஒரு துளை. திரவம் மூடியின் ஓரமாகக் கசிந்து மேல் படலத்துக்கு அடியில் சின்னக் கொப்புளமாகத் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டுவிடும். எந்தப் படலம்? மெட்ராஸ் ஐ வந்தால் சிவக்குமே, அதேதான்.

சிக்கல் இதற்கப்புறம்தான். மற்ற ஆபரேஷனில் எல்லாம் காயம் சீக்கிரம் ஆறணும்னு வேண்டிக்கொள்வோம். இங்கே முழுசா ஆறிவிட்டால் ஆபரேஷன் தோல்வி. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் பெருகி, தழும்பு போட்டு, வழியை அடைத்துவிடும். நிறுத்தின சர்வீஸ் தானாகவே மறுபடி எழுந்து நிற்கிற மாதிரி. உடம்பு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, நமக்குத்தான் வேண்டாம்.

பெருகும் செல்களைத் தடுக்க ஏற்கெனவே மருந்து இருந்தது, கேன்சர் வார்டில். 1980களில் அமெரிக்காவில் ஃப்ளூரோயுராசிலை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தழும்பு விழும் வாய்ப்பு அதிகமுள்ள 213 பேர். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரம் தினம் இரண்டு ஊசி, அடுத்த வாரம் தினம் ஒன்று, ஆக 21 ஊசி. எல்லாம் கண்ணின் படலத்துக்கு அடியில்! ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், மருந்து போடாதவர்களில் 74 சதவீதம் தோல்வி, போட்டவர்களில் 51. பலன் உண்டு, ஆனால் 21 ஊசியை யார் தாங்குவது? கருவிழியின் மேல்தோலும் புண்ணானது.

மைட்டோமைசின் அந்த ஊசித் தொல்லையைத் தீர்த்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, ஊதா நிறம். 1983ல் தைவானின் சென் இதைக் கிளாக்கோமா ஆபரேஷனில் பயன்படுத்தியதை எழுதினார். மருந்தில் நனைத்த பஞ்சைப் படலத்துக்கு அடியில் சில நிமிஷம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள். அவ்வளவுதான். கண்ணுக்குள் போனால் ஆபத்து என்பதால், துளை போடுவதற்கு முன்பே இது முடிந்துவிடும். ஃப்ளூரோயுராசில் டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் முக்கியமாகத் தாக்கும். மைட்டோமைசின் சும்மா இருக்கும் செல்லின் டிஎன்ஏவையும் பிணைத்துவிடும். அதனால்தான் ஒரே தடவை போதும்.

அதனால்தான் பயமும். ரொம்ப அதிகமானால் கொப்புளம் ரத்தக்குழாய் இல்லாமல் வெளுத்து, காகிதம் மாதிரி மெலிந்துவிடும். திரவம் வெளியே ஒழுகலாம், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிப் பார்வை கெடலாம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸில் பெங் காவ் குழுவினர் செய்த மாற்றம் எனக்குப் பிடித்தது: மருந்தை ஒரே இடத்தில் ஊறவைக்காமல் அகலமாகப் பரப்புவது. கொப்புளம் தட்டையாக, பரவலாக வருகிறது. அமெரிக்க எஃப்டிஏ இந்த உபயோகத்துக்கென்று மைட்டோமைசினை அனுமதித்தது 2012ல்தான். அதுவரை கிட்டத்தட்ட முப்பது வருஷம் டாக்டர்கள் தங்கள் பொறுப்பில்தான் போட்டுவந்தார்கள்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கேன்சர் இல்லம்மா, தழும்பு விழாம இருக்க ஒரு பஞ்சுல தடவுற மருந்து" என்றேன். பாதிதான் நம்பினார்.

அப்பாவின் மேல் இமைக்கு அடியில் இப்போது அந்தக் கொப்புளம் இருக்கிறது. மெலிந்த கொப்புளம் வழியாக, வருஷக்கணக்கில் கழித்தும் கிருமி உள்ளே போகலாம். அதனால் அந்தக் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ மெட்ராஸ் ஐ என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.