மரபணு மாற்றப்பட்ட லாக்டோபேசிலஸும் கருப்பைவாய் முன்புற்றுநிலையும்: ஜப்பானிய ஆய்வுகளை முன்வைத்து

பாலுறவின் வழிப் பரவும் மனித பாப்பிலோமா வைரசின் 16ஆம் வகை, கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும். இத்தொடர்பை நிறுவிய ஹரால்டு சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். வழக்கிலுள்ள தடுப்பூசிகள் வைரசின் புறவுறைப் புரதமான எல்1-ஐ அடிப்படையாகக் கொண்டவை. அவை புதிய தொற்றைத் தடுக்கும். முன்னரே தொற்றிய உயிரணுக்களை அகற்றா. முற்றிய முன்புற்றுநிலைக்குக் கருப்பைவாயின் ஒரு பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டியெடுப்பதே வழக்கமான மருத்துவமாக உள்ளது. அதன்பின் கருவுறுவோர்க்குக் குறைமாதப் பேற்றின் வாய்ப்பு மிகுகிறது. மகப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்களுக்கு இது சிறிய இழப்பன்று.

இச்சூழலில் ஜப்பானின் கவானா கெய் குழுவினர் இ7 என்னும் புரதத்தைத் தேர்ந்தனர். உயிரணுப் பெருக்கத்திற்குக் கடிவாளமாக விளங்கும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்வது இதுவே. புற்றாக மாறும் உயிரணுக்கள் இதனைத் தொடர்ந்து உருவாக்குவதால் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு நிலையான இலக்காகவும் அமைகிறது. நொதித்த பாற்பொருள்களில் பயன்படும் லாக்டோபேசிலஸ் கேசி பாக்டீரியாவை இ7-ஐத் தாங்குமாறு மாற்றியமைத்து, வெப்பத்தால் செயலிழக்கச் செய்து, கேப்சூலாக உண்ணத் தந்தனர்.

குடலுக்குச் செல்லும் மருந்து கருப்பைவாயில் எவ்வாறு செயற்படும்? குடற்சவ்வில் தூண்டப்படும் டி நிணநீரணுக்கள் பீட்டா7 இன்டெக்ரின் என்னும் ஒட்டுப்புரதத்தைப் பெறுகின்றன. குருதியில் உலவும் இவ்வணுக்களுள் ஒரு பகுதி கருப்பைவாய்ச் சவ்விலும் குடியேறுகிறது. தசையில் இடும் ஊசியைவிட வாய்வழியைக் குழுவினர் விரும்பியதன் காரணம் இதுவே. ஊசியுமன்றி, தொற்றைத் தடுப்பதுமன்றி அமைந்த இதனைத் தமிழில் ‘தடுப்பூசி’ எனல் பொருந்தாது; ‘வாய்வழி நோயெதிர்ப்பு மருந்து’ எனலே தகும்.

2014இல் வெளியான முதல் ஆய்வில், உகந்த அளவு பெற்றோருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் மூன்றாம் படிநிலைப் புண் இரண்டாம் படிநிலைக்கு இறங்கியது. ஆயினும் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. இத்தகைய புண்களுள் சில தாமாகவே மறையும் இயல்பின. எனவே அவ்வெண்ணை மட்டும் கொண்டு மருந்தின் ஆற்றலை அளவிட இயலாது. பின்னர் இதே கருத்தில் உருவான புதிய மருந்து, 165 பெண்களிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டு ஆராயப்பெற்றது. புண் முற்றிலும் மறைந்தோர் உயர் அளவுக் குழுவில் 31.7 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 12.5 விழுக்காடு. பின்னைய எண்ணே முன்னைய ஆய்வின் குறையை வெளிப்படுத்துகிறது. வேறுபாடு கருதத்தக்கதே, எனினும் உயர் அளவு பெற்றோருள் மூன்றில் இரு பங்கினரிடம் புண் முழுமையாக மறையவில்லை. அவர்களுக்கு அறுவை முற்றிலும் தவிர்க்கப்பட்டதாகக் கொள்ள இயலாது.