கோடு விழாத நிலம்

தமிழகக் கடற்கரையில் உள்ள மரக்காணம் உப்பளத்தை நிலவரைபடத்தில் தேடிப் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக விழும். உப்பளமோ கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. ஒரு கோடுகூட அதன்மேல் ஓடாது. மலையை வரைவதுதான் கடினம் என்று நினைக்கிறோம். இந்தத் தட்டை நிலம் அதைவிடக் கடினம் என்பேன்.

நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கி, பிறகு கடலூர்ப் பக்கம் வரை முக்கோணங்களைக் கோத்துக்கொண்டு போனார். முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து மற்ற முனை தெரிய வேண்டும். சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் உலகின் பெரும்பகுதி நிலத்தை ரேடாரால் அளந்தது. அதிலும் பிழை சில மீட்டர். சவுக்குத் தோப்பின் உயரத்தையும் தரையோடு சேர்த்துவிடும். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சும் லைடார் 10, 15 செ.மீ. வரை நுணுக்கம் தரும். ஆனால் உப்புப் பாத்தியில் அசையாமல் நிற்கும் நீர் அந்த ஒளியைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடும். வரைபடத்தில் அங்கே ஓட்டை.

உப்பளத்துக்காரர்களுக்கோ 10 செ.மீ. என்பதே பெரும் பிழை. உவர்நீர் பாத்திக்குப் பாத்தி இறங்க இறங்க, வெயிலில் செறிவு ஏறி, செறிவை அளக்கும் போமே அளவில் சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். ஒரு மூலை இரண்டு விரற்கடை தாழ்ந்தால் அங்கே நீர் ஆழமாகத் தேங்கி உப்பு தாமதமாகும். மேட்டில் முன்னதாகக் காய்ந்து மண் கலக்கும். அதனால்தான் மழை ஓய்ந்ததும் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து மட்டம் செய்கிறார்கள். மெல்லிசாக நீர் விட்டால் எங்கே திட்டு தலைகாட்டுகிறது என்று உடனே தெரிந்துவிடும். மட்டம் பார்க்க நீரை மிஞ்சிய கருவி இல்லை.

2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பக்கத்துக் கழுவேலி ஏரியும் இப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிறையும். கோடையில் உவர் ஏறும். நன்னீர் எதுவரை, உவர் எதுவரை என்பதை இதே விரற்கடைக் கணக்குதான் தீர்மானிக்கிறது. புயல் அலை எந்தக் கழி வழியே எந்தக் குப்பத்துக்குள் முதலில் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல, இந்தக் கடற்கரைக்கு அரை மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகளாவது வேண்டும்.