கொடைக்கானல் ஏரிக்கு ஓர் அவசரமற்ற பிரயாணம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நம் சங்க அங்கத்தினர் பலர், மலைமேல் உள்ள ஏரி ஒன்றைக் குடும்பத்துடன் கண்டு வர வேண்டும் என்னும் ஆவலைச் சில காலமாக நம்மிடம் தெரிவித்து வருகின்றனர். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்க்க முடியும்? கேள்வியே மாற வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு ஏரியை மூன்று நாள் நிதானமாகப் பார்ப்பது எப்படி என்று கேட்பதே மேல். தறிக்குழியில் கால் மடக்கி நாள் முழுதும் இழையையே நோக்கியிருப்பவருக்கும், சேற்றில் குனிந்து நிமிர்ந்த உழவருக்கும் வேண்டுவது ஓய்வு. வண்டியில் ஏறி இறங்கும் பன்னிரண்டு இடங்களின் பட்டியல் ஓய்வாகாது.

ஏரி என்பது நமக்குப் புதிதன்று. பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நிரம்பும் பாகூர் ஏரியும், சுமார் 800 ஹெக்டேர் பரந்த ஊசுட்டேரியும் நம் கண்முன் உள்ளன. கொடைக்கானல் ஏரியோ சுமார் 60 ஏக்கர்தான். ஊசுட்டேரியின் ஒரு மூலையில் அதை அடக்கிவிடலாம்! ஆயினும் அது இருக்கும் உயரம் ஏறத்தாழ 7,000 அடி. அதுவும் நம் ஏரிகளைப் போல மனிதர் கட்டியதே. மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863-ல் மலைப் பள்ளத்து ஓடைகளுக்குக் குறுக்கே அணை எழுப்பி இதனை உண்டாக்கினார். பள்ளத்தின் கிளைகளில் எல்லாம் நீர் புகுந்ததால் ஏரி நட்சத்திர வடிவம் பெற்றது. மிகுநீர் வழிந்து, மலைப்பாதை ஓரத்தில் வெள்ளி அருவியாக விழுகிறது. நகருக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே அதைக் காணலாம். மடையும் கலிங்கும் அறிந்த நம் விவசாயிகள், மற்றப் பயணிகளைவிட இந்த ஏரியை நன்றாகப் படித்தறியக் கூடியவர்கள்.

எப்பொழுது போவது? மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சி அப்பொழுது நடைபெறுவது உண்மையே. ஆனால் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் தறியை நிறுத்துவது நெசவாளருக்கு நஷ்டம். சம்பா அறுவடை முடிந்து, பொங்கல் விற்பனையும் ஓய்ந்தபின் வரும் மாசி மாதமே இரு சாராருக்கும் பொருந்துவது. நவரை நட்டவர்கள் மட்டும், தண்ணீர் பார்க்க ஆள் அமர்த்திவிட்டுப் புறப்பட வேண்டும். மலையில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. எனவே கம்பளியும் காதுக்குத் துணியும் அவசியம்.

வழி எளிது. சென்னையிலிருந்து மதுரைக்கு இரவில் செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நிற்கிறது. வில்லியனூர்க்காரர் விழுப்புரம் வரை பாசஞ்சர் ரயிலிலும், பாகூரார் பஸ்ஸிலும் வந்து அதைப் பிடிக்கலாம். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். வளைவுகளில் தலை சுற்றும். வயிற்றைப் பாதி நிரப்பி, கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நலம். தனி வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்பது சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் உள்ள ஏற்பாடு. அரசு பஸ்ஸில் போவோருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை உண்டு. வீட்டுச் செம்பே போதும்.

முதல் நாள் ஒன்றும் செய்யாதிருங்கள். மாலையில் ஏரிக்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து திரும்பினால் போதும். மறுநாள் காலை, பனி நீர்மேல் தவழும் பொழுதில், முழுச் சுற்றும் நடக்கலாம். சுமார் ஐந்து கிலோமீட்டர். முதியோர் அங்கங்கே உட்கார்ந்து போனாலும் இரண்டு மணி நேரம்தான். படகும் உண்டு. ஏரியின் கிழக்கே உள்ள பிரையண்ட் பூங்காவை அன்று பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளை நம் தொழிலுக்காக ஒதுக்குமாறு சிபாரிசு செய்கிறோம். சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூம்பாறையில், படிப்படியாக வெட்டிய வயல்களில் மலைப்பூண்டு விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. (வாங்கிச் சமையுங்கள், பாகூரில் நட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், அது குளிர் கேட்கும் பயிர்.) அப்பால் மன்னவனூரில், 1965-ல் ஏற்பட்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் உள்ளது. பருத்தி நூலே அறிந்த நம் நெசவாளர், கம்பளி எந்த உடலிலிருந்து வருகிறது என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

இனி, நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரு விஷயம். குழுவாகச் செல்வோர் செலவைக் குறைக்க அடுப்பும் பாத்திரமும் அரிசி மூட்டையும் கொண்டு செல்வது வழக்கம். ஆண்கள் ஏரியைப் பார்க்க, பெண்கள் குளிர்நீரில் பாத்திரம் தேய்க்கிறார்கள்! வீட்டில் தார் சுற்றி, பாவுக்குக் கஞ்சி போட்டு, மூன்று வேளை சமைத்தவருக்கு மலையிலும் அதே வேலை என்றால், அவருக்கு அது பிரயாணமன்று. அடுப்பு இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரு வேளைக் கட்டுச்சோறு போகட்டும். மற்ற வேளைகளின் ஓட்டல் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஓர் இடத்தைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

பணத்துக்குக் கடன் கூடாது. பயிர்க்கடனையோ நூலுக்குப் பெற்ற முன்பணத்தையோ இதற்குத் தொடுவது எவ்வகையிலும் தகாது. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, தலைக்கு மாதம் 400 ரூபாய் வீதம் பத்து மாதம் சேமித்தால் ஆளுக்கு 4,000 ரூபாய் சேரும். பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர் என்றிருக்கட்டும். சங்கத்தில் நாம் வற்புறுத்தும் விதி பிரயாணத்துக்கும் பொருந்தும். ரயில் சீட்டு 60 நாள் முன்பாகவே கிடைப்பதால், மாசியில் செல்வோர் டிசம்பரிலேயே சீட்டு எடுத்துவிட வேண்டும். அதற்கான தொகை கையில் இருக்க, சித்திரை மாதமே முதல் தவணை கட்டியிருக்க வேண்டும்.